மூளைப் படமெடுப்பும் பதற்றச் சிகிச்சையும்: போஸ்ட்டாக் ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதற்றக் கோளாறுக்குச் சிகிச்சை கொடுக்கும்போது மூளையில் என்ன மாறுகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், அதையே போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டு செய்யும் ஒப்பந்த ஆய்வுப் பணி) ஆய்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது வந்து சொன்னால், நான் தலைப்பைக் கேட்பதில்லை. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்வேன்.

உங்களுக்கு 60 பேருடைய முழுத் தரவு வேண்டும் என்று வையுங்கள். முழுத் தரவு என்றால் சிகிச்சைக்கு முன் ஒரு ஸ்கேன், வாரம் ஒரு அமர்வாக 12 முதல் 16 வாரம் சிகிச்சை, முடிந்ததும் இன்னொரு ஸ்கேன். இடையில் சிலர் சிகிச்சையை விட்டுவிடுவார்கள். சிலர் ஸ்கேனருக்குள் தலையை அசைத்துவிடுவார்கள், தரவு கெட்டுப்போகும். சிலருக்கு மருத்துவர் மருந்தை மாற்றியிருப்பார். மூன்றில் ஒருவரை இப்படி இழந்தால், சேர்க்க வேண்டியவர்கள் 90 பேர். மாதத்துக்கு 3 பேர் கிடைத்தால் 30 மாதம். கடைசி ஆள் சிகிச்சையை முடிக்க இன்னும் 4 மாதம். தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குச் சில மாதங்கள். உங்கள் ஒப்பந்தமோ பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டு. அப்புறம் பகுப்பாய்வு எப்போது, கட்டுரை எப்போது?

இந்தக் கணக்கை நான் போட்டது என் போஸ்ட்டாக்கின் எட்டாவது மாதத்தில். அதற்குள் 5 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். கீழே இருப்பதில் பெரும்பகுதி அந்த எட்டாவது மாதத்துக்குப் பிறகு கற்றது.

படி 1: காலத்துக்குள் அடங்கும் ஆய்வகத்தைத் தேடுங்கள்

கணக்கு உதைக்கிறது என்றால் வழி மூன்று. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சை ஆய்வில் சேர்ந்து, அங்கே குவிந்திருக்கும் ஸ்கேன்களில் உங்கள் கேள்வியைக் கேட்பது முதல் வழி. பொதுவில் பகிரப்பட்ட தரவை எடுத்துக்கொள்வது இரண்டாவது. ஓப்பன்நியூரோ போன்ற களஞ்சியங்களும், பல நாட்டு ஆய்வகங்களின் தரவை ஒன்றுசேர்க்கும் எனிக்மா கூட்டமைப்பின் பதற்றக் குழுவும் இதற்குத்தான் இருக்கின்றன. மூன்றாவது வழி சிகிச்சையைச் சுருக்குவது. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989-இல் விவரித்த ஒற்றை அமர்வுச் சிகிச்சை, சிலந்திப் பயம் போன்ற குறிப்பிட்ட அச்சங்களை ஒரே அமர்வில், அதிகபட்சம் 3 மணி நேரத்தில் கையாள்கிறது. திங்கட்கிழமை ஸ்கேன், புதன்கிழமை சிகிச்சை, வெள்ளிக்கிழமை மறு ஸ்கேன். நான்கு மாதம் ஒரு வாரமாகிவிடுகிறது. சிலந்திப் பயத்தில் கண்டதைப் பொதுப் பதற்றக் கோளாறுக்கு அப்படியே நீட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் இயங்குமுறையைப் பார்க்க இதைவிடச் சுத்தமான களம் இல்லை என்பது என் கருத்து.

நேர்காணலில் ஆய்வகத் தலைவர் உங்களைக் கேள்வி கேட்பது இருக்கட்டும், நீங்கள் கேட்க வேண்டியவை இருக்கின்றன. போன ஆண்டு மாதத்துக்கு எத்தனை பேர் உண்மையில் சேர்ந்தார்கள்? திட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொன்னால் விடாதீர்கள், நடந்த எண்ணைக் கேளுங்கள். ஸ்கேனரில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உங்களுக்கு? மாலை நேரம் உண்டா? வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் காலை 11 மணிக்கு வரமாட்டார்கள். சிகிச்சை அமர்வுகள் பதிவு செய்யப்பட்டு, யாராவது மதிப்பிடுகிறார்களா? நான் இங்கிருந்து போகும்போது தரவை எடுத்துப்போகலாமா, எந்தக் கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆய்வகத்தில் இப்போதிருக்கும் போஸ்ட்டாக்கிடம் தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். தலைவரின் இணையப் பக்கத்தில் கிடைக்காதது அங்கே கிடைக்கும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆய்வகத்தின் மானியத்திலிருந்து சம்பளம் வாங்குவது எளிது, ஆனால் மானியம் யாருடையதோ கேள்வியும் அவருடையது. சொந்த ஃபெல்லோஷிப் கிடைத்தால் கேள்வி உங்களுடையது. ஐரோப்பாவின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா-கியூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு முனைவர் பட்டம் பெற்று எத்தனை ஆண்டு என்ற வரம்பும், போகும் நாட்டில் அண்மையில் அதிக காலம் வசித்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அமெரிக்காவின் கே99/ஆர்00 விருது, போஸ்ட்டாக் காலத்தையும் அதற்கடுத்த ஆசிரியப் பணியின் தொடக்கத்தையும் சேர்த்துத் தாங்குவது. விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள், ஆகவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். இரண்டிலுமே தகுதிக் கடிகாரம் நீங்கள் கவனிக்காதபோதும் ஓடிக்கொண்டிருக்கும்.

படி 2: கேள்வியைப் பிரித்தெடுங்கள்

"சிகிச்சை மூளையை எப்படி மாற்றுகிறது?" என்பது ஒரு கேள்வி. "யாருக்கு எந்தச் சிகிச்சை பலிக்கும்?" என்பது முற்றிலும் வேறு கேள்வி. ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் எழுதுகிறவர்கள் இரண்டையும் பாதியில் விடுகிறார்கள்.

முதலாவதற்கு ஸ்கேன் இரண்டு முறை வேண்டும், ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். இதற்கு ஒரு பழைய உதாரணம்: 2002-இல் தோமாஸ் ஃபுர்மார்க் குழுவினர் சமூகப் பதற்றம் உள்ள 18 பேரைப் பெட் ஸ்கேனில் (கதிரியக்கத் தடமியைக் கொண்டு எடுக்கும் படம்) பார்த்தார்கள். சிலருக்குச் சிட்டலோப்ராம் மருந்து, சிலருக்குச் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சிலர் காத்திருப்போர் பட்டியலில். மருந்தில் குணமானவர்களுக்கும் பேச்சுச் சிகிச்சையில் குணமானவர்களுக்கும் அமிக்டலா என்ற, ஆபத்தை உணர்வதில் பங்குள்ள மூளைப் பகுதியும் அதைச் சுற்றிய பகுதிகளும் ஒரேபோல அடங்கியிருந்தன. அழகான முடிவு. ஒரு குழுவுக்கு ஆறே பேர் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது கேள்விக்கு, சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேன் ஒன்றே போதும், ஆட்கள்தான் நிறைய வேண்டும். இது ஏன் தேவைப்படும் கேள்வி என்பதைக் குழந்தைகளிடமும் பதின்வயதினரிடமும் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டுகிறது. 2008-இல் வெளிவந்த அதில் 488 பேர். சிபிடியில் சுமார் 60 சதவீதம் பேர் தேறினார்கள், செர்ட்ராலின் என்ற மருந்தில் 55, இரண்டும் சேர்ந்தபோது 81, மருந்தில்லாத போலி மாத்திரையில் 24. நல்ல சிகிச்சை கொடுத்தும் தேறாத அந்த 40 சதவீதம் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் பல மாதங்கள் மிச்சம். 2013-இல் ஓலிவர் டோர்மான் குழுவினர் சமூகப் பதற்றம் உள்ள 39 பேரைச் சிபிடிக்கு முன் ஸ்கேன் செய்தார்கள். கோபமான முகங்களுக்கு, கண் காண்பதைக் கையாளும் பார்வைப் புறணி காட்டிய எதிர்வினை, யாருக்குச் சிகிச்சை பலிக்கும் என்பதைக் கேள்வித்தாள்களைவிட நன்றாகச் சொன்னது. அமிக்டலா அல்ல, பார்வைப் புறணி. இந்தத் துறையில் நீங்கள் தேடுவது வேறிடத்தில் கிடைப்பது வழக்கம்தான்.

அமிக்டலாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "அச்ச மையம்" என்று அதை எழுதிவிட்டுப் போகாதீர்கள். இருபக்க அமிக்டலாவும் சேதமடைந்த மூவருக்குக் கார்பன் டைஆக்சைடு கலந்த காற்றை மூச்சிழுக்கக் கொடுத்தபோது அவர்களுக்கும் பீதி வந்தது. இது 2013-இல் வெளியான முடிவு. ஜோசஃப் லெடூவும் டேனியல் பைனும் 2016-இல் முன்வைத்த வாதம் இன்னும் ஒரு படி போகிறது: ஆபத்தை உணர்ந்து உடலைத் தயாராக்கும் சுற்று வேறு, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்ற உணர்வைத் தரும் சுற்று வேறு. ஸ்கேனரில் ஒன்று அடங்கியதை வைத்து மற்றதும் அடங்கியது என்று எழுத முடியாது. நோயாளி உங்களிடம் வந்தது இரண்டாவதற்காக.

படி 3: ஸ்கேனருக்குள் என்ன செய்யச் சொல்வது

போஸ்ட்டாக்குகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. முகங்களைப் பொருத்தும் சோதனைப் பணி இந்தத் துறையில் எங்கும் இருக்கிறது. கோபமான, பயந்த முகங்களைக் காட்டினால் குழுவின் சராசரியில் அமிக்டலா பளிச்சென்று எரியும். அதனால் அதை நம்பி எடுத்துக்கொள்கிறோம். ஆனால் குழுச் சராசரி உறுதியாக இருப்பது வேறு, ஒரே ஆளிடம் இன்றும் மூன்று மாதம் கழித்தும் அதே அளவு கிடைப்பது வேறு. 2020-இல் மேக்ஸ்வெல் எலியட் குழுவினர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, இத்தகைய பணிகளின் மறுசோதனை நம்பகத்தன்மை (இரண்டு முறையும் அச்சாக ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.4-ஐ ஒட்டியே இருந்தது. தனிநபரை அளக்க இது போதாது. "இவருக்குச் சிகிச்சைக்குப் பின் அமிக்டலா குறைந்தது" என்று நீங்கள் எழுதுவதில் பாதி அளவுகோலின் ஆட்டமாக இருக்கலாம்.

ஆகவே சிகிச்சையின் உள்ளே நடப்பதற்கு நெருக்கமான பணியைத் தேர்ந்தெடுங்கள். பயப்படும் பொருளை, சூழலைப் படிப்படியாகச் சந்திக்க வைக்கும் எக்ஸ்போஷர் முறையைப் பற்றி இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது: பழைய அச்ச நினைவு அழிவதில்லை, அதன் மேல் "இது பாதுகாப்பானது" என்ற புதிய நினைவு ஏறி அமர்கிறது. அப்படியானால் ஆய்வுக்கு இயல்பான பணி அச்சத்தைக் கற்பித்து, தணித்து, மறுநாள் எது மேலோங்குகிறது என்று பார்ப்பது. முன்மூளைப் புறணியின் கீழ்-நடுப்பகுதி அங்கே முக்கியமாகிறது. பயத்துக்குப் பதில் பதற்றத்தை, அதாவது எப்போது வரும் என்று தெரியாத ஆபத்துக்கான காத்திருப்பை அளக்க வேண்டுமானால், கிறிஸ்டியன் கிரியோன் வழியில் வந்த முறை இருக்கிறது. எந்த நேரமும் லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று சொல்லிவிட்டு, கண் சிமிட்டும் அனிச்சையையும் மூளையையும் பார்ப்பார்கள்.

எதை எடுத்தாலும், சிகிச்சை எதுவும் பெறாத 15 அல்லது 20 பேரை அதே இடைவெளியில் இரண்டு முறை ஸ்கேன் செய்துவிட்டுத் தொடங்குங்கள். அலுப்பான வேலை. கட்டுரையில் ஒரு பத்திதான் ஆகும். அந்தப் பத்தி இல்லாமல் மற்றதெல்லாம் எதன் மேல் நிற்கும்?

படி 4: பதற்றமானவரை ஸ்கேனருக்குள் படுக்க வைப்பது

எம்ஆர்ஐ ஒரு குறுகிய குழாய், காது கிழியும் சத்தம், அசையக் கூடாது என்ற கட்டளை. பீதிக் கோளாறு உள்ளவரிடம் இதைச் செய்யச் சொல்கிறோம். போலி ஸ்கேனர் இருந்தால் முதலில் அதில் பழக்குங்கள். உண்மையான ஸ்கேனின் சத்தத்தைப் பதிவு செய்து கேட்கவையுங்கள். அழுத்துப் பொத்தானைக் கையில் கொடுத்து, ஒரு முறை அழுத்தச் சொல்லி, நீங்கள் உடனே பதிலளிப்பதைக் காட்டுங்கள். "அழுத்தினால் நிறுத்துவோம்" என்று சொல்வதைவிட நிறுத்திக் காட்டுவதில் நம்பிக்கை வருகிறது. உலோகப் பொருள்களுக்கான கேள்விப் பட்டியலை வீட்டிலேயே ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை கேட்க வேண்டும்.

இனி வருவதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளை இயங்கும்போது எடுக்கும் எம்ஆர்ஐ, நரம்பணுக்களை நேரடியாக அளப்பதில்லை. செய்ஜி ஓகாவா 1990-இல் காட்டிய போல்ட் விளைவு, இரத்தத்தின் ஆக்ஸிஜன் நிலை மாறுவதைப் பிடிக்கிறது. நரம்பணு இயங்கிச் சுமார் 5 நொடி கழித்துத்தான் அந்த அலை உச்சிக்கு வருகிறது. இரத்த ஓட்டமோ மூச்சைப் பொறுத்தது. பதற்றமானவர் வேகமாக மூச்சு விடுவார், இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு குறையும், மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், சிக்னல் மாறும். நரம்பணுக்கள் எதுவும் வித்தியாசமாகச் செய்யாமலே இத்தனையும் நடக்கலாம்.

இப்போது சிகிச்சையைச் சேர்த்துப் பாருங்கள். முதல் ஸ்கேனில் அவர் நடுங்குகிறார், மூச்சு வேகம், தலை ஆடுகிறது. நான்கு மாதம் கழித்து அவர் தேறியிருக்கிறார், அதோடு ஸ்கேனரும் பழகிவிட்டது. அமைதியாகப் படுக்கிறார். இரண்டு படங்களுக்கும் நடுவில் வித்தியாசம் கட்டாயம் வரும். அதில் எவ்வளவு மூச்சு, எவ்வளவு அசைவு, எவ்வளவு காலையில் குடித்த காபி, எவ்வளவு சிகிச்சை? 2012-இல் ஜொனாதன் பவர் குழுவினர் காட்டியபடி, மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான தலை அசைவே மூளைப் பகுதிகளின் இணைப்பு அளவுகளைத் திரித்துவிடும். அருகிலிருக்கும் பகுதிகளின் இணைப்பு கூடியதாகத் தோன்றும், தொலைவில் இருப்பவற்றின் இணைப்பு குறைந்ததாகத் தோன்றும். குணமானவர் குறைவாக அசைகிறார் என்றால், உங்கள் "சிகிச்சை விளைவு" முழுக்க அசைவின் விளைவாகவே இருக்கலாம்.

ஆகவே மூச்சுப் பட்டையையும் நாடித்துடிப்பு மானியையும் ஒவ்வொரு ஸ்கேனிலும் மாட்டுங்கள். ஸ்கேனுக்கு முன் காபி, நிகோட்டின், மருந்து நேரம், தூக்கம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். மாறிய மருந்துகளைத் தேதியோடு எழுதுங்கள், எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்தின் (சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்றவை) அளவு நடுவில் மாறினால் கட்டாயமாக. ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் "இப்போது எவ்வளவு பதற்றம்?" என்று 0 முதல் 10 வரை கேளுங்கள். அந்த ஒரு எண் பின்னால் உங்களைப் பலமுறை காப்பாற்றும்.

அமிக்டலாவுக்கு இன்னொரு தலைவலி. அது காற்று நிறைந்த எலும்புக் குழிகளுக்குப் பக்கத்தில் இருப்பதால் சிக்னல் அங்கே உதிர்ந்துபோகும். அதை ஒட்டிப் பெரிய சிரை ஒன்றும் ஓடுகிறது. வேறு பகுதிகளிலிருந்து அந்தச் சிரை சுமந்துவரும் மாற்றத்தை அமிக்டலாவின் இயக்கம் என்று தவறாகப் படிக்க முடியும் என்று 2015-இல் ஒரு குழு காட்டியது. முதல் 3 பேரின் மூலப் படத்தைக் கண்ணால் பாருங்கள். அமிக்டலா இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொட்டல் தெரிந்தால், அளவீட்டு அமைப்பை மாற்ற அதுதான் நேரம். முப்பதாவது ஆளில் அல்ல.

படி 5: ஒப்பீட்டுக் குழு

இங்கே பேசவேண்டியது குறைவு, செய்யவேண்டியது அதிகம். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதுதான் மக்கள் சிகிச்சை தேடி வருகிறார்கள், ஆகவே ஒன்றும் செய்யாவிட்டாலும் சிலருக்குக் கொஞ்சம் இறங்கும். காத்திருப்போர் குழுவாவது, முடிந்தால் வேறொரு சிகிச்சை பெறும் குழுவாவது இல்லாமல், முன்-பின் மாற்றத்தைச் சிகிச்சையின் கணக்கில் எழுதாதீர்கள். மதிப்பீடு செய்கிறவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. நோயாளிகள் தாங்களாகவே வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள், "என் தெரபிஸ்ட் சொன்னாங்க" என்று தொடங்கும் முன் நிறுத்தச் சொல்லிவையுங்கள்.

படி 6: நீங்கள் மருத்துவர் இல்லையென்றாலும்

மதிப்பீட்டின் நடுவில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகச் சொல்வார். "வருமா" என்பது கேள்வியல்ல, எப்போது என்பதுதான். அந்த நிமிடம் யாரை அழைப்பது, அவர் வரும்வரை யார் உடனிருப்பது என்பது ஒரு தாளில் எழுதி அறையின் சுவரில் இருக்க வேண்டும். என் முதல் ஆண்டில் நாங்கள் அழைக்க வேண்டிய எண், வேலையை விட்டுப்போன ஒருவருடையது. அன்று ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்த இருபது நிமிடம் இன்னும் நினைவிருக்கிறது. இப்போது மாதம் ஒருமுறை நானே அந்த எண்ணை அழைத்துப் பார்க்கிறேன்.

ஸ்கேனில் எதிர்பாராத கட்டியோ இரத்தக்குழாய்க் கோளாறோ தெரியவரும். ஆரோக்கியமானவர்களின் மூளை எம்ஆர்ஐகளைத் திரட்டிய ஒரு ஆய்வில் இது 2.7 சதவீதம். உங்கள் 90 பேரில் இரண்டு மூன்று பேர். படத்தைப் பார்ப்பது யார், நோயாளியிடம் சொல்வது யார் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதுங்கள்.

படி 7: பகுப்பாய்வு

தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிப் பதிவு செய்யுங்கள்: எந்தப் பகுதி, எந்த ஒப்பீடு, எவ்வளவு அசைந்தால் நீக்குவது. சிகிச்சை ஆய்வென்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு வேண்டும், முக்கிய மருத்துவ இதழ்கள் 2005 முதல் இதை வற்புறுத்துகின்றன. இது வெறும் சம்பிரதாயமல்ல. 2020-இல் வெளியான ஒரு சோதனையில் ஒரே எஃப்எம்ஆர்ஐ தரவை 70 குழுக்களிடம் கொடுத்தார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் பகுப்பாய்வு செய்யவில்லை, சில கேள்விகளுக்கு விடைகளும் ஒத்துப்போகவில்லை. உங்கள் கணினியிலும் அந்த 70 வழிகள் இருக்கின்றன. விரும்பிய விடை தரும் வழியைக் கை தானாகத் தேடும்.

தரவை முதல் நாளிலிருந்தே பிட்ஸ் (மூளைப் படக் கோப்புகளுக்கான பொதுத் தரநிலை) ஒழுங்கில் அடுக்குங்கள், பகுப்பாய்வுக்கு முன் படங்களைச் சீராக்கும் முன்பதப்படுத்தலுக்கு எஃப்எம்ஆர்ஐப்ரெப் என்ற இலவச மென்பொருள் போதும். சொந்தமாக எழுதிப் பெருமைப்பட இது இடமல்ல. படத்தில் ஒட்டிச் சேர்ந்து எரியும் புள்ளிகளின் தொகுதிகளுக்கான புள்ளியியல் திருத்தத்தில் கவனம் தேவை. 2016-இல் ஆண்டர்ஸ் எக்லுண்ட் குழுவினர், பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களில் தளர்வான வரம்பு வைத்தால் பொய்யான முடிவுகள் அனுமதிக்கப்பட்ட 5 சதவீதத்தை வெகுவாகத் தாண்டின என்று காட்டினார்கள்.

முன்கணிப்புக் கேள்வியை எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தப் பகுதி குணமாவதோடு ஒத்துப்போகிறது என்று முழுத் தரவிலும் தேடிவிட்டு, அதே தரவில் அந்தப் பகுதி எவ்வளவு நன்றாகக் கணிக்கிறது என்று அளப்பது வட்டத்துக்குள் ஓடுவது. பகுதியைத் தேர்ந்தெடுப்பதும் குறுக்குச் சரிபார்ப்புக்கு (ஒரு பகுதித் தரவில் கற்று, ஒதுக்கிவைத்த மீதியில் சோதிப்பது) உள்ளேயே நடக்க வேண்டும். 40 பேரில் 80 சதவீதத் துல்லியம் வந்தால் கொண்டாடுவதற்கு முன், வேறொரு ஆய்வகத்தின் தரவில் ஓட்டிப் பாருங்கள். வயதும் தொடக்க நிலைக் கடுமையும் மட்டுமே வைத்த ஒரு எளிய மாதிரியையும் பக்கத்தில் வையுங்கள். மூளைப் படம் அதைவிடக் கூடுதலாக ஒன்றும் சொல்லவில்லையென்றால் அதையும் எழுதி வெளியிடுங்கள். ஸ்கேனை விட மலிவான கேள்வித்தாள் போதும் என்பது நோயாளிக்கு நல்ல செய்திதான்.

படி 8: கடைசி ஆறு மாதம்

புதிய ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்துங்கள், இன்னும் 4 பேர் கிடைப்பார்கள் என்று யார் சொன்னாலும் சரி. வேலை தேடும் விண்ணப்பங்கள் இந்தக் காலத்தில்தான் எழுதப்பட வேண்டியிருக்கும், அவற்றுக்குக் குறைந்தது ஒரு கட்டுரையாவது சமர்ப்பிக்கப்பட்ட நிலையில் வேண்டும். ஒவ்வொரு கோப்புறையிலும் ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: எது மூலத்தரவு, எந்த ஆள் ஏன் நீக்கப்பட்டார், எந்த நிரலை எந்த வரிசையில் ஓட்டுவது. உங்களுக்குப் பின் வருகிறவரை அழைத்து, உங்கள் உதவி இல்லாமல் ஒரு படத்தை மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். என் விஷயத்தில் அவர் மூன்றாவது நிமிடத்திலேயே நின்றுவிட்டார். ஒரு கோப்பு என் மடிக்கணினியில் மட்டும் இருந்தது.